துணைக்குப் போய் போலீஸானேன்

போலீஸில் சேர ஆசைப்பட்டது நானல்ல, என் தாய்மாமன் மகன். என்னைவிட ஒரு வயது மூத்த மச்சான். எரியோட்டில் எங்கள் கண்மாய்க்கரையில் ஆறு மாதம் விடியற்காலையில் ஓடினான். பச்சை முட்டையை வாயில் ஊற்றிக்கொண்டு முகத்தைச் சுளிப்பான். ஊரில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் டிரில் முழுவதையும் கற்றுக்கொண்டான். காக்கி நிக்கர்கூட ஒன்று தைத்து வைத்திருந்தான்.

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. சைக்கிளையும் சட்டையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துப் போனான்.

மைதானத்தில் அவனுக்கு உயரம், மார்பு எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார்கள். ஏட்டையா குனிந்து பார்த்தார்.

“முட்டி தட்டுதுப்பா. நீ போகலாம்.”

அவ்வளவுதான். ஓடிக் காட்டக்கூட விடவில்லை.

அவன் என்னிடம் வந்து சட்டையை வாங்கும்போதுதான் ஏட்டையாவின் கண் என்மேல் விழுந்தது.

“ஏலே நெட்டை, நீ ஏன் வரிசையில நிக்கல?”

“நான் துணைக்கு வந்தவன்யா.”

“படிச்சிருக்கியா?”

“எட்டாப்பு.”

“அப்ப வா இங்கிட்டு.”

நான் மச்சானைப் பார்த்தேன். “போ மாப்ளே, சும்மா அளந்துட்டுத்தான் வாயேன்” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

வேட்டியோடு எப்படி ஓடுவது? சுவருக்குப் பின்னால் போய் நிக்கரைக் கழற்றித் தந்துவிட்டு என் வேட்டியை அவன் கட்டிக்கொண்டான். அவன் இடுப்புக்குத் தைத்தது என் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடி மூன்றாவதாக வந்தேன். சாயங்காலம் வாசித்த பட்டியலில் என் பெயர் இருந்தது.

திரும்பும்போதும் அவன்தான் மிதித்தான். அகரத்துப் பக்கம் சைக்கிளை நிறுத்தி, வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். அவன் பொருளைத் திருடிவிட்டவன்போல் நான் நின்றேன்.

“நான் போகல மச்சான்.”

“போகாம? இம்புட்டுத் தூரம் உன்னைய வச்சு மிதிச்சிருக்கேன். போகலன்னா கொன்னுபுடுவேன்.” கண் சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டான்.

ஆர்டர் வரும்வரை தினமும் களத்தில் அவனே எனக்கு டிரில் சொல்லிக்கொடுத்தான். அதனால் பயிற்சிப் பள்ளியில் மற்றவர்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தடுமாறும்போது நான் டக்கென்று திரும்பி நின்றேன். பயிற்சி கொடுத்தவர் அருகில் வந்தார்.

“யார்கிட்டடா கத்துக்கிட்டே?”

“மச்சான்கிட்டய்யா.”

“எந்த ஸ்டேஷன் அவரு?”

“ஸ்டேஷன்ல இல்லய்யா. மொளகாத் தோட்டத்துல இருக்காரு.”

வரிசையே சிரித்தது. சிரித்தவர்களுக்கு ஒரு சுற்று, எனக்கு மூன்று சுற்று ஓட்டம் கிடைத்தது.

பயிற்சி முடிந்து சில ஆண்டுகளில் திண்டுக்கல்லுக்கே மாற்றலாகி வந்தேன். மச்சான் அதற்குள் பஸ் கண்டக்டராகியிருந்தான். ஒருநாள் பேகம்பூர் பக்கம் டிராபிக் டியூட்டியில் நடுரோட்டில் நின்று கையை நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினேன். படிக்கட்டில் காக்கிச் சட்டையில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்து நீளமாக ஊதினான்.

“ஏலே போலீசு, வழியை விடு! ஆளுக வீடு போய்ச் சேர வேணாமா?”

நானும் என் விசிலை ஊதி, கையை இறக்கினேன்.