புளி போட்டுத் தேய்த்த பதினொரு காசு

போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். நின்றவாக்கில், அரை நிமிஷத்தில், யாரும் என்னை ஜட்ஜாக நியமிக்காமலே!

இந்தப் பக்கத்தில் பழைய காசுகளைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒருவர் என்னைத் தேடிப் பிடித்தார். ஆலங்குடிப் பக்கம் கடலை விவசாயம். வேலாயுதம் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் வந்த கரி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. எனக்கோ அந்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"தம்பி, நீங்கதான காசப் பத்தி எழுதுறவரு? இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இருவது வருசம் துணி முடிச்சுக்குள்ளயே கெடந்த காசு இப்புடி இருக்குமா?"

மடியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நம் புதுக்கோட்டை அம்மன் காசுதான். ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மன், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய'. பொட்டு மாதிரி சின்னச் செப்புக் காசு. நேற்று அச்சடித்துக் கொடுத்ததுபோல் சிவந்து மின்னியது.

"இருவது வருசமா? இருக்கவே இருக்காதுங்க. செம்பு கறுத்துல்ல போயிருக்கும்! இது புதுக் காசு" என்றேன். சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்று காசையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் தீர்ந்த மனுஷர் முகம் மாதிரி அது இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு. யாரிடமோ சொல்லி எழுத வைத்தது.

"ஐயா, தாங்கள் சொன்ன சொல்லால் என் மகள் காதுகுத்து நின்றுவிட்டது. சாமி காசைத் திருடினவள் என்று எனக்கு ஊரில் பேராகிவிட்டது. தாங்களே நேரில் வந்து மீதிப் பத்துக் காசையும் பார்க்கவும். இப்படிக்கு, வேலாயுதம் தங்கை பாக்கியம்."

மூன்று முறை படித்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். அவர்களுடைய தகப்பனார், நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு கொடுக்கிற அம்மன் காசில் வருஷத்துக்கு ஒன்றாக எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வந்திருக்கிறார். பேத்தி பிறந்தால், அவள் காதுகுத்தன்று அத்தனையையும் அய்யனார் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ச்சை. பதினொரு காசு சேர்ந்தபோது அவர் கண்ணை மூடிவிட்டார். கடைசிவரை பக்கத்தில் இருந்தவள் மகள் பாக்கியம். முடிச்சு அவள் கைக்கு வந்தது.

இப்போது அவளுடைய பெண்ணுக்கு ஐந்து வயது. நாள் பார்க்க அண்ணன் வந்திருக்கிறார். முடிச்சைக் கொண்டுவரச் சொல்லி அவிழ்த்தால் — புதுத் துணி! உள்ளே மின்னுகிற காசு! தகப்பனார் கையில் அவர் பார்த்ததெல்லாம் கறுப்புக் காசு.

"அய்யா காசு எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"அதுதாண்ணே இது. புளி போட்டு வெளக்கி வச்சேன்" என்றாள் தங்கை.

அண்ணன் நம்பவில்லை. ஒரு காசை எடுத்து மடியில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன்.

பதினொரு அம்மன் காசைச் சேர்த்தாலும் ஓரணா ஆகாது என்பது நம் சமஸ்தானத்து வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் சாமிக்கு முடிந்ததில் கை வைப்பது அணாக் கணக்கா? "சாமி காசத் தின்னவ வீட்டுப் புள்ளைய நான் மடியில வைக்க மாட்டேன்" என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? குழந்தையின் தகப்பனாரோ பினாங்கில். யுத்தம் அந்தப் பக்கம் போனதிலிருந்து பணமும் இல்லை, கடிதமும் இல்லை… ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. இந்த நிலையில் கூடப் பிறந்தவனும் கைவிட்டால் அந்தப் பெண்ணும் குழந்தையும் யார் முகத்தில் விழிப்பார்கள்?

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? தெரியாத விஷயத்தைக் கேட்டால் நாம் யோசிக்கிறோம். தெரிந்த விஷயத்தைக் கேட்டால்தான் யோசிக்காமல் பதில் சொல்கிறோம்!

நான் போய்ச் சேர்ந்தபோது பாக்கியத்தின் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர். "புதுக்கோட்டை ஜட்ஜு வந்துட்டாரு, வழி விடுங்கப்பா" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். சிரிப்பு எழுந்தது. வேலாயுதம் சிரிக்கவில்லை. பாக்கியமும் சிரிக்கவில்லை. முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன கண்கள். தாம்பாளத்தில் பத்துக் காசுகளைப் பரப்பி என் முன்னால் வைத்தாள். பதினோராவதை அண்ணன் மடியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார்.

"எப்புடிங்க தேச்சீங்க?" என்று கேட்டேன்.

"குத்துவெளக்குக்குச் செய்யிறதுதான். புளியில ஊற வச்சு, தேங்கா நார்ல சாம்பலத் தொட்டுத் தேச்சேன். பழைய துணி நைஞ்சு போயிருந்துச்சு, அடுப்புல போட்டுட்டேன். சாமிக்குப் போடுறத அழுக்கோடவா போடுவாங்க?"

காசு சேகரிக்கிறவன் கேட்டால் நெஞ்சு அடைத்துப்போகிற பதில். பழைய காசைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அதன் வயதே போய்விடும். இரண்டு வாரம் எழுதினேனே, இதை ஒரு வரி எழுதினேனா? புளி போட்டு விளக்குத் தேய்க்காத வீடு நம் ஊரில் உண்டா என்று ஒரு கணம் யோசித்தேனா?

லென்ஸை எடுத்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. வெயில் விழுகிற இடமாகத் தாம்பாளத்தை நகர்த்திக்கொண்டு ஒவ்வொரு காசாகப் பார்த்தேன்.

புதுக் காசின் மினுமினுப்பு தண்ணீர் மாதிரி வழவழவென்று ஓடும். இதில் அது இல்லை. ஒரு மாதிரி வெளுத்த ரோஜாச் சிவப்பு. புளி பட்ட செம்பின் நிறம். மேலே பூனை பிறாண்டியது போல் மெல்லிய கீறல்கள், நார் போன திசையிலெல்லாம். அம்மனின் முகமும் முழங்காலும் மழுங்கியிருந்தன. புதுக் காசில் அந்த மேடுகள் கூராக நிற்கும். பல கை மாறிய காசில்தான் இப்படித் தேயும்; அரண்மனையில் கொடுப்பதும் புழங்கிய காசுதானே. கடைசியாக எழுத்தின் பள்ளங்களைப் பார்த்தேன். 'விஜய'வின் வளைவுகளுக்குள் கறுப்பும் பச்சையுமாக அழுக்கு. நார் நுழைய முடியாத இடத்தில் பழைய களிம்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. பதினொன்றிலும்!

அண்ணனிடம் லென்ஸைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தார்.

"பழைய காசுதாங்க. தேச்சிருக்காங்க. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னது தப்பு. சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

வேலாயுதம் லென்ஸைக் கீழே வைத்தார். "சரி தம்பி, பழசுன்னு ஒத்துக்கிறேன். ஆனா இது எங்கய்யா முடிஞ்ச காசுதானா? அதச் சொல்லுங்க."

என்ன சொல்வது? 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காதுகுத்து நடந்துவிடும். பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது… ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லித்தானே இவ்வளவு வினை!

"அது எனக்குத் தெரியாதுங்க. பழசு, தேச்சது… அவ்வளவுதான் தெரியும். யாரு முடிஞ்சாங்கன்னு காசப் பாத்துச் சொல்ல முடியாது."

"இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தீரு?" என்றார் பெரியவர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பாக்கியம் அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"அண்ணே, போன ஐப்பசி மழையில உப்பு வாங்க நாலு காசு இல்ல எனக்கு. அடுத்த வீட்டுல போயி ஒரு கை உப்பு கேட்டு வாங்கியாந்தேன். அப்ப இந்த முடிச்சு என் தலைக்கு மேல எறவானத்துலதான் இருந்துச்சு. தொடல. ஒனக்கு எப்புடித் தெரியும்? நீ இங்கிட்டு எட்டிப் பாத்தாத்தான? நான் இல்லாமதான் கெடப்பேன்னு ஒனக்கு ஒரு நெனப்பு இருந்துச்சு பாரு, அதான் எடுத்திருப்பேன்னு தோணிருச்சு."

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தத் தம்பி அசலூரு. கண்ணாடி வச்சுப் பாக்கட்டும். கூடப் பொறந்தவன் ஒனக்குமா என்னையப் பாக்கக் கண்ணாடி வேணும்?"

வேலாயுதம் தனியாகக் கிடந்த பதினோராவது காசை எடுத்து மற்றப் பத்தோடு வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இறங்கிப் போகிறவர் திரும்பாமலே சொன்னார்:

"வியாழக்கெழம ஆசாரிய வரச் சொல்லு."

என்னையும் அழைத்திருந்தார்கள். எந்த முகத்தோடு போவது என்று யோசித்தேன், ஆனாலும் போனேன். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே அதிரும்படி அலறியது. ஒரு காதை முடித்த ஆசாரி, அடுத்த காதுக்குப் போகுமுன் வெற்றிலை போட நேரம் எடுத்துக்கொண்டார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தாம்பாளத்தை அவள் நீட்டினாள், அவர் வாங்கினார், அவ்வளவுதான்.

அய்யனார் உண்டியல் முன்னால் நின்று வேலாயுதம் காசுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிக் காசில் கை நின்றது. எழுத்துப் பள்ளத்தில் இருந்த அந்தக் கறுப்பு கண்ணில் பட்டிருக்கிறது. சாமிக்குப் போடுகிற காசாயிற்றே… எச்சில் தொடாமல், உண்டியலடியில் செம்பில் இருந்த தண்ணீரில் துண்டு நுனியை நனைத்து, அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

"பாத்துத் தேயிண்ணே" என்றாள் பாக்கியம். "புதுக் காசுன்னு யாராச்சும் சொல்லிடப் போறாங்க."

சுற்றி நின்றவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். வேலாயுதத்தின் தோளும் குலுங்கியது. அது சிரிப்பு மட்டும்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வாசலில் பேசியதற்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அடி எனக்குத்தான்… பேசாமல் வாங்கிக்கொண்டேன்.