பாலமுனையில் கிழட்டு நத்தைகளின் மடு

பாலமுனைக்குப் போகிறவர்கள் கடலுக்குத்தான் போவார்கள். நான் போன மாதம் போனது எதிர்ப்பக்கம், வயலோரத்து மடு ஒன்றைப் பார்க்க. கல்முனை பசாரில் பாத்திரம் கழுவும் திரவம் மொத்தமாக விற்கிறேன். மனைவியின் தம்பி நஸீர் பாலமுனையில் அழகுமீன் வளர்க்கிறான். அவன்தான் அழைத்தான்.

"மச்சான், மீன் ஒண்டும் சாகல்ல. ஆனா குஞ்சு தங்குதில்ல. மாரிக்குள்ள சரிவரல்லெண்டா தொட்டியெல்லாம் வித்துப்போட்டு திரும்பக் கட்டாருக்கு வேலைக்குத்தான்."

காலை ஏழு மணிக்கு அக்கரைப்பற்று பஸ். தூரம் இருபது கிலோமீற்றர் சொச்சம், தொண்ணூறு ரூபாய். இடப்பக்கம் உட்கார்ந்தால் இடைக்கிடை கடல் தெரியும். சந்தியிலிருந்து மடுவுக்கு முச்சக்கரவண்டி இருநூறு ரூபாய்.

"அங்க பார்க்க என்ன கிடக்கு காக்கா?" என்றார் சாரதி, அண்ணன் முறை வைத்து. "நல்ல தண்ணி. கடிக்கிறதுக்கு ஒரு நுளம்புகூட இல்ல."

அவர் புகழ்ந்துதான் சொன்னார். வாய்க்காலில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. மடுவை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் பின்னால் நின்றுவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. மேலே ஓடும் பூச்சி இல்லை, தலைப்பிரட்டை இல்லை. தாமரைத் தண்டுகளில் நத்தைகள் மட்டும் ஒட்டியிருந்தன. எல்லாமே பெரியவை, ஓட்டின் நுனி வெளுத்துத் தேய்ந்தவை. இலை இலையாகப் புரட்டினேன். ஒரு குட்டி நத்தை, ஒரு முட்டைக் கொத்து இல்லை. பிள்ளைகள் இல்லாத ஊரில் வயதானவர்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

நஸீருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. கல்யாண வீடுகளுக்கு அண்டாவும் சஹனும் வாடகைக்குக் கொடுக்கிறான். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு. எண்ணெய் படிந்து திரும்பும் அத்தனையும் இந்த மடுக்கரைக் கல்லில்தான் கழுவப்படும். திரவம் என்னுடையது.

"நுரை பின்னேரத்துக்குள்ள அடங்கிடும். தொட்டிக்கும் இந்தத் தண்ணிதான், மீனெல்லாம் துள்ளுது. அப்ப சுத்தம்தானே எண்டு இருந்தன்," என்றான் நஸீர்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவன் இரண்டு பேசின்களைக் காட்டினான். மீன்குஞ்சுகள் தின்னும் பொடி உயிர்களான தண்ணீர்த் தெள்ளுகளை இரண்டிலும் ஒரே நாளில் விட்டிருந்தான். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் விட்ட பேசினில் அரிசிமா தூவியது போல அவை நிறைந்திருந்தன. மடுத் தண்ணீரில் ஆறேழு பெரியவை மெதுவாக ஏறி இறங்கின. முட்டை சுமக்கும் அவற்றின் முதுகுப் பை வெறுமையாக இருந்தது.

"இதுகள் சாகவும் மாட்டுது, பெருகவும் மாட்டுது," என்றான். "உங்கட சரக்கு தரமான சரக்கு மச்சான். கறையையும் போக்குது, சந்ததியையும் போக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சஹனுக்கு ஒரு கரண்டி போதும். இவர்கள் போத்தலைக் கவிழ்த்து ஊற்றுகிறார்கள். இதுவரை எனக்கு அது நல்ல விற்பனை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மடுவில் இறங்குவது எதையும் உடனே கொல்வதில்லை. அடுத்த தலைமுறையைத்தான் வரவிடுவதில்லை.

அன்றே கழுவும் கல்லைப் பெயர்த்துத் தென்னந்தோப்பு மணலுக்குக் கொண்டுபோனோம். கழிவுத் தண்ணீர் இறங்க, மடுவுக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் குழி வெட்டினோம். தொட்டிகளுக்கு இனிக் கிணற்றுத் தண்ணீர். மடு மீள்வது மாரி வெள்ளத்தின் கையில். அதுவரை கட்டார் பயணத்தைத் தள்ளிப்போட நஸீர் ஒத்துக்கொண்டான்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மடுப் பக்கம் கடை இல்லை. சந்தியில் மீன்சோறு நானூறு ரூபாய். எந்தக் குளத்துக்குப் போனாலும் சவர்க்காரத்தோடு தண்ணீரில் இறங்காதீர்கள். வாளியில் அள்ளி, கரையை விட்டு விலகி, மண்ணில் ஊற்றிக் கழுவுங்கள். இதை எழுதுவது என் வியாபாரத்துக்கு உதவாது, தெரியும்.

மடுத் தண்ணீரில் கொஞ்சத்தைத் தெள்ளுகளோடு ஒரு போத்தலில் கொண்டுவந்து கடை மேசையில் வைத்திருக்கிறேன். நேற்று திரவம் வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார்.

"உசிரோடதானே இருக்கு?"

"ஓம்," என்றேன். "உசிரோடதான் இருக்கு. அதே ஆறேழுதான்."