ஆர்னெல் பாலன்டைன் உட்கார ஆசைப்பட்ட கதை

“ரெண்டு ஆளு வேலை, முட்டி மட்டும் ஒரே ஜோடி!”

பதினோரு வருஷமாக ஆர்னெல் பாலன்டைன் வாயைத் திறந்தால் இதுதான். மினிபஸ்ஸில் சொல்வான், சர்ச் வாசலில் சொல்வான், முட்டியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு மனைவி ஜொசெட்டாவிடம் சொல்வான்.

பல தீவுகள் சேர்ந்த வெஸ்ட் இண்டீஸ் அணியில், செயிண்ட் வின்சென்ட் என்ற குட்டித் தீவுக்காரன் அவன் ஒருவன்தான். ஆல்ரவுண்டர். வேகப்பந்துக்காரர்கள் களைத்ததும், “நீ ஃப்ரெஷ்ஷாத்தானே இருக்க, காத்துக்கு எதிர்ப்பக்கம் நீ போடு” என்பான் கேப்டன். இருபது ஓவர் போட்டுவிட்டு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் மேல்வரிசை சரிந்திருக்கும். “பேடைக் கட்டுப்பா, நீ பேட்ஸ்மேன்தானே?” தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குகிறவர்களைப் பொறாமையோடு பார்த்தபடி மறுபடியும் இறங்குவான்.

அவனுக்கு முப்பத்தாறு வயதாகும்போது சொந்தத் தீவில் ஒரு டெஸ்ட் வந்தது. ஆர்னெல் தானே தேர்வுக் குழுவுக்குப் போன் செய்தான். “முட்டி போச்சு சார். இந்த ஒரு தடவை விட்டுடுங்க. நானே கேட்டேன்னு வெளிய தெரியவேணாம், ஊர்ல மானம் போயிடும்.”

ஸ்டாண்டில் ஜொசெட்டா பக்கத்தில் உட்கார்ந்து, சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும் தின்றுகொண்டு, ஐந்து நாளும் ஆட்டம் பார்க்க வேண்டும். வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆர்னெல் நிம்மதியாகக் குளிக்கப் போனான். தீவு கொதித்தது.

“பெரிய தீவுக்காரனுங்க நம்மள மறுபடியும் மிதிச்சிட்டானுங்க!” என்று முதல் குரல் கொடுத்தவள் மீன் விற்கும் வெர்னிட்டா. மறுநாளே மைதான வாசலில் அட்டைகள் எழுந்தன: ‘ஆர்னெல் இல்லையா, ஆட்டமும் இல்லை.’ டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். பாதிரியார் ஜெபத்திலேயே தேர்வுக் குழுவைத் திட்டினார். டிக்கெட் கவுன்டரில் ஈ பறந்தது.

மானம் போனால் போகிறதென்று ஆர்னெல் ஓடிவந்தான். “அக்கா, நிறுத்துக்கா. நான்தான் வேணாம்னு சொன்னேன்.”

வெர்னிட்டா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா? அவனுங்களையே காப்பாத்தப் பாக்குறான்! இந்த மனசு எவனுக்கு வரும்?”

சத்தம் இரட்டிப்பானது. மூன்றாம் நாள் தேர்வுக் குழுவிலிருந்து போன். “நாங்க என்னப்பா பண்ண? உங்க ஊரு விடமாட்டேங்குது. வந்துடு.”

வந்தான். முதல் நாள் காற்றுக்கு எதிராக இருபத்துநான்கு ஓவர். மறுநாள் ஐந்து விக்கெட் போனதும் பேடோடு இறங்கினான். முப்பத்தொன்று எடுத்திருந்தபோது எதிர்முனைக்காரன் “ரெண்டு! ரெண்டு!” என்று கத்தினான். ஆர்னெல் இரண்டாவதற்குத் திரும்பினான், முட்டி திரும்பவில்லை. காலை இழுத்துக்கொண்டு பிட்ச் நடுவரை வந்து, நின்றபடியே ஸ்டம்ப் சாய்வதைப் பார்த்தான்.

மட்டையை ஊன்றி நொண்டிக்கொண்டு எல்லைக் கயிறு வரை வந்தவனை முதல் பெஞ்சிலிருந்து வெர்னிட்டா பிடித்துக்கொண்டாள். “ஏன்டா ஆர்னெல், ரெண்டு ரன் ஓட வக்கில்லாதவன எவன்டா டீம்ல எடுத்தான்?”

டிரெஸ்ஸிங் ரூமுக்கு முப்பது படி ஏற வேண்டும். ஆர்னெல் படிகளைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், கயிற்றைத் தாண்டினான்.

“நீதான்க்கா எடுத்த. எடுத்த கையோட கொஞ்சம் நகந்து உக்காரு, எனக்கு எடம் வேணும்.”