தூங்குவதற்கு ஒரு மலை

எல்லோரும் மலைக்குக் காற்று வாங்கப் போவார்கள், படம் எடுக்கப் போவார்கள். நானும் என் அறைத்தோழனும் தூங்கப் போனோம்.

ஓசூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவனுக்குப் பகல் தூக்கம் என்பது வெறும் ஆசை. எங்கள் அறைக்கு மேலே தகரக் கூரை, பக்கத்தில் வெல்டிங் பட்டறை. கண் அசரும் நேரம் பார்த்துத்தான் அந்தப் பட்டறைக்காரர் சுத்தியலை எடுப்பார். நான் அவரைத் திட்டாத நாளில்லை. கடைசியில் சலித்துப்போய், லீவு நாள் காலையில் வேலை முடிந்ததும் அறைக்கே போகாமல், யூனிஃபார்மோடு பைக்கில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டு மலைக்குப் போக ஆரம்பித்தோம்.

பாதி ஏற்றத்தில் ஒரு சாய்ந்த பாறை. முதல் நாள் அதனடியில் துண்டை விரித்தபோது வனக்காவலர் ஒருவர் வந்து நின்றார்.

"ஏம்பா, தூங்கறதுக்கு வூடு இல்லியா?"

"இருக்குதுங்க. அங்க தூக்கந்தான் இல்ல."

சிரித்துவிட்டார். "ஒருத்தன் தூங்கனா ஒருத்தன் முழிச்சிகினு இருக்கணும். ஆனை வர்ற எடம். வெயில் சாயறதுக்குள்ள எறங்கிடுங்க."

அதுவே எங்கள் சட்டமாகிவிட்டது. முறை வைத்துத் தூங்கினோம். யானை ஒருநாளும் வரவில்லை. பன் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் குரங்குகளோடுதான் எங்கள் போராட்டம். மழைக்காலத்தில் பாறை விளிம்பில் தண்ணீர் சொட்டும். மார்கழியில் ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடப்போம். மாம்பழ சீசனில் நாகரசம்பட்டி வீட்டிலிருந்து நான் கொண்டுவரும் செந்தூராவை அவன் தோலோடு தின்பான். அவன் ஆனேக்கல் பக்கம், வீட்டில் கன்னடம். நான் எழுப்பினால் சிரித்தபடி எழுந்து உட்காருவான். அவன் எழுப்பினால் நான் எரிந்து விழுவேன்.

பிறகு அவனுக்குத் தும்கூரில் நல்ல வேலை கிடைத்தது. மதியம் பஸ் ஏற வேண்டிய நாளிலும் காலையில் மலைக்குப் போனோம். பயணம் போகிறவன் முதலில் தூங்கட்டும் என்றேன். கேட்கவில்லை.

"ஃபர்ஸ்ட் நீ. சும்னே மல்கோ குரு" என்று, பேசாம படுடா என்பதைக் கன்னடத்தில் சொல்லி, என் தலைக்கடியில் தன் பையை வைத்தான்.

விழித்தபோது நிழல் நகர்ந்து காலில் வெயில் சுட்டது. அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சிவந்த கண்களோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். பஸ் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

"ஏன்டா எழுப்பல? அறிவிருக்குதா உனக்கு?"

"வேற பஸ் இருக்குது. நாளைலருந்து உனக்காக யாரு முழிச்சிருப்பாங்க? அதான், நல்லா தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டில் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டேன். அவன் கொட்டாவி விட்டபடி துண்டை உதறி மடித்தான்.

இப்போது எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். வீட்டில் பட்டறைச் சத்தமும் இல்லை. ஆனாலும் மழையோ வெயிலோ, மனைவியோடும் மகளோடும் அந்த மலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர்க் கூட்டம் எங்களைத் தாண்டி உச்சிக்கு ஏறும். நாங்கள் பாறையோடு நின்றுவிடுவோம்.

"செத்த நேரம் படுங்க, நாங்க இருக்கோம்ல" என்பாள் மனைவி. படுப்பேன். தூக்கம் வராது.

இறங்கும்போது அவனுக்குப் போன் செய்வேன். மலைக்கு வந்தேன் என்றதும், "தூங்கினியா குரு?" என்றுதான் கேட்பான்.

நல்லா தூங்கினேன் என்பேன்.