பந்து விழுகிற சத்தம்

பந்தைக் கையில் பிடித்த பிறகும் கோல் விட்ட ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமில்லை, கையும் தட்டினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வவுனியா, நெளுக்குளத்தில் என் வீட்டுக் குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டே, சீனிப் போத்தலில் சாத்தி வைத்த போனில் மட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் நடக்கிற லீக் மட்ச். எனக்கும் உதைபந்தாட்டத்துக்கும் வெகுதூரம்தான். ஆனால் மஞ்சள் ஜேர்சியோடு கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்பவன் என் சித்தியின் மகன் நிரோஜன். அவன் நிற்கிற நாளெல்லாம் நானும் பார்ப்பேன்.

பந்து உயரமாக வந்தது. மேல் கம்பத்துக்குச் சற்றுக் கீழே. தம்பி பின்பக்கமாக எம்பி, இரண்டு கைகளாலும் அதை அப்படியே ஏந்திப் பிடித்தான். நான் மாக்கையோடு கை தட்டினேன். பிறகு பார்த்தால்... எதிரணிக்காரர்கள் கட்டிப் பிடித்துக் கூத்தாடுகிறார்கள். பிடித்தவன் பிடித்த வேகத்திலேயே கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து, வலைக்குள் கிடக்கிறான். பந்து மட்டும் பத்திரமாக அவன் நெஞ்சோடு இருக்கிறது.

"பிடிச்சால் கோல் இல்லைத்தானே?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"பந்து உள்ளுக்கப் போனால் கோல்தான். மேலால தட்டி விட்டிருக்கலாம். ஏன் பிடிக்கப் போனவன்?" என்றார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடி நான் முள்ளியவளை வரைக்கும் பஸ் ஏறவேண்டி வந்தது.

அதற்கு முன் இந்த கீப்பர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விசித்திரமான வேலை அது. மற்றவர்கள் ஓடுவதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள், இவன் நிற்பதற்கு வாங்குகிறான். "சும்மா நிக்கிறதுக்கும் காசு குடுக்கிறாங்களோ பிள்ளை?" என்று எங்கள் ஒழுங்கை முனைக் கடைக்காரர் என்னிடம் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டிருக்கிறார். நின்று நின்றே தம்பி வவுனியாவுக்கு வந்தான், கொழும்புக்குப் போனான், மாலைதீவில் இரண்டு சீசன் கடல் காற்றுக்குள் நின்றான், திரும்பவும் கொழும்புக்கு வந்தான்.

முன்னால் ஓடுகிறவர்களுக்கு முப்பது வயதில் மூச்சு வாங்கத் தொடங்கும். கீப்பருக்கோ அந்த வயதில்தான் பந்து மெதுவாக வரத் தொடங்குமாம். "காத்தில மிதந்துகொண்டு வாறமாதிரி இருக்கும் அக்கா. தையல்கூடத் தெரியும்" என்று ஒருமுறை சொன்னான். சொல்லும்போது அவன் கண் எங்கோ தூரத்தில் இருந்தது. இப்படியொரு வேலை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஆனால் விடவேண்டி வரும்போலத்தான் இருந்தது. அந்த மட்ச் முடிந்ததும் கோச் அவனைத் தனியே கூப்பிட்டிருக்கிறார். இப்படிக் கோல் விட்டது முதல் தடவை இல்லையாம். பிடிக்கக் கூடாத பந்தை வெளியே தட்டு என்று தொண்டை தண்ணீர் வற்றச் சொல்லியும் இவன் கேட்கவில்லை. அடுத்த மட்சிலும் தட்டாவிட்டால் கிளவுஸைக் கழற்றி அடுத்த கீப்பரிடம் கொடு, சீசன் முடிந்தபின் ஒப்பந்தமும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் என்றால் ஒரு இடம் போனால் இன்னொரு இடத்தில் ஆடலாம். கீப்பருக்கு அணியில் ஒரேயொரு இடம். அதுவும் அவன் வயதில் போனால் போனதுதான்.

இடையில் கிடைத்த ஓய்வுக்கு அவன் ஊரான முள்ளியவளைக்கு வந்திருந்தான். நானும் புறப்பட்டேன். மாங்குளம் தாண்டியதும் பஸ்ஸில் நல்ல நித்திரை. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ரோட்டோரம் யானை நிற்கிறது என்று பஸ்ஸை நிற்பாட்டி வைத்திருந்தார்கள். கண் விழித்துப் பார்த்தால் யானையும் கீப்பர் மாதிரித்தான் நின்றது... அசையாமல், எல்லாரையும் பார்த்துக்கொண்டு. அது மனம் வைத்து விலகியபின்தான் நாங்கள் போனோம்.

பின்னேரம் வீட்டில் ஒருவரும் இல்லை. மைதானத்தில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், தம்பி கோலுக்குள் நிற்கிறான். அவன் மனைவி சுகிர்தா நீளச் சட்டையின் விளிம்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தை உதைக்கிறாள். நல்ல உதை. வெயில் சாய்ந்து புழுதியெல்லாம் மஞ்சளாக எழும்பி நின்றது. பந்து அதற்குள்ளால் போய் வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல ஒரு காட்சி.

"மச்சாள் வந்திட்டா. நீங்களாவது கேளுங்கோ" என்றாள் சுகி. "தட்டுங்கோ தட்டுங்கோ எண்டுறன். எல்லாத்தையும் பிடிக்கிறார்."

கேட்டேன். தம்பி கோல் கம்பத்தில் சாய்ந்து இருந்துகொண்டு, கிளவுஸைக் கழற்றாமலே கதைத்தான்.

"சண்டை முடிஞ்சு திரும்பி வந்து குடியேறின புதுசில இந்த கோலுக்குப் பின்னால என்ன இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

தெரியும். இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? சிவப்பு நாடாவும் மண்டையோட்டுப் பலகையும். மிதிவெடி.

"விளையாட வேற இடமில்லை. உதைக்க இருந்ததும் ஒரே ஒரு போல். அது இந்தக் கம்பத்துக்கு மேலால போச்சுதெண்டால் உடனே எல்லாரும் படுப்பம். குப்புற. ரெண்டு கையும் தலையில. அப்பிடியே காது குடுத்துக்கொண்டு கிடப்பம். பொத்தெண்டு விழுற சத்தம் மட்டும் கேட்டால் எழும்பி வீட்ட போவம். போல் அங்கதான் கிடக்கும், காசு சேர்த்து இன்னொண்டு வாங்குமட்டும் விளையாட்டில்லை."

கோர்னர் கிக் என்று ஒன்று இருப்பதே இவர்களுக்கு வவுனியா வந்துதான் தெரியுமாம். கோலுக்குப் பின்னால் பந்து போனால் ஆட்டம் தொடரும் என்பதை முதலில் நம்பவில்லையாம்.

"கொழும்பில முதல் மட்ச். ஒருத்தன் அடிச்ச போல் மேலால போச்சுது. நான் படுத்திட்டன் அக்கா."

"என்னெண்டு படுத்தனி?"

"குப்புறத்தான். கையைத் தலையில வைச்சுக்கொண்டு. ரெஃபரி விசில் ஊதி, முதலுதவிக்காரர் பெட்டியோட ஓடி வந்திட்டினம். நான் கால் பிடிச்சுப்போட்டுது எண்டு சொன்னன். ஸ்பிரே அடிச்சு, காலை உருவி விட்டாங்கள்."

சிரிப்பு வந்தது எனக்கு. அவனும் சிரித்தான்.

"அண்டைக்கு யோசிச்சன். ஒண்டையும் பின்னால போக விடாட்டில் படுக்கத் தேவையில்லைத்தானே? எல்லாத்தையும் பிடிப்பம். அப்பிடிப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் பேரும் எடுத்தனான்." அவன் பந்தை மடியில் வைத்து உருட்டினான். "கனவு மட்டும் வரும். போல் மேலால போகும். அழகாப் போகும். நான் படுத்துக்கொண்டு கிடப்பன். விழுற சத்தம் வராது. விடியுமட்டும் வராது அக்கா."

சுகி இவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றிருந்தாள். இந்தக் கதை அவளுக்கும் புதிது என்பது முகத்தில் தெரிந்தது. அவளைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் மிதிவெடி அகற்றுகிற வேலை செய்தவள். முகத்துக்குக் கண்ணாடி மூடி, நெஞ்சுக்குப் பாரமான கவசம், வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைச் சாண் சாணாகச் சுரண்டிப் பார்க்கிற வேலை. இந்த மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற காணியும் அவளுடைய குழு துப்புரவாக்கியதுதான்.

"இந்தக் காணி முழுக்க நான் முழங்காலில போனனான். உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள் அவனிடம்.

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

"தலைக்குத் தெரியும் சுகி. உடம்புக்குச் சொல்லேலாமல் கிடக்கு."

அவள் கோல் கம்பத்தைச் சுற்றிப் பின்னால் போனாள். கச்சான் கடலை பிடுங்கி வெறுமையாகக் கிடந்த அந்தக் காணிக்குள் நடுவாக நடந்து போய், நிலத்தில் சப்பணம் கட்டி இருந்துவிட்டாள்.

"மச்சாள், போலை நீங்கள் எறியுங்கோ."

"சுகி, எழும்பி வாரும்" என்றான் தம்பி. குரல் அவ்வளவு நன்றாக இல்லை.

"நீங்கள் ஒண்டைத் தட்டி விடுங்கோ, எழும்பிறன்."

நான் ஒரு சாதாரண பத்தி எழுதுகிறவள். தேசிய லீக் கீப்பர் ஒருவருக்குச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்து எறிவேன் என்று சாத்திரகாரர்கூடச் சொன்னதில்லை. முதல் பந்து அவன் காலடிக்குக்கூடப் போகவில்லை. பிறகு பிறகு சரிவந்தது. நான் எறிய, அவன் பிடிக்க, திரும்ப என்னிடம் போட... பிடிக்கிறான், பிடிக்கிறான், பிடித்துக்கொண்டே இருக்கிறான். பின்னால் சுகி அசையாமல் இருக்கிறாள். வெயில் பனை வடலிகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு கட்டத்தில் நாங்கள் மூவரும் எதற்காக இதைச் செய்கிறோம் என்பதே மறந்து, அந்தப் பந்து மட்டும் மங்கல் வெளிச்சத்தில் போய் வந்துகொண்டிருப்பதாக எனக்குப் பட்டது.

அப்போதுதான் ஒன்று உயரமாகப் போனது. என் திறமை இல்லை, கை வழுக்கிவிட்டது. தம்பி எம்பினான். விரிந்த கை பிடிக்கப் போய்... பிடிக்காமல், விரல் நுனியால் மெல்ல ஒரு தட்டு. பந்து கம்பத்துக்கு மேலால் எழும்பியது. அவனுக்கு முழங்கால் மடிந்தது. இரண்டு கையும் தலைக்குப் போனது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், ஏனென்று கேட்காதீர்கள்.

பொத்.

"விழுந்திட்டுது" என்றாள் சுகி, இருந்த இடத்திலிருந்தே. "கேட்டதோ?"

அவன் அப்படியே முழங்காலில் இருந்து அழுதான். அவள் சொன்னபடி எழும்பி, பந்தை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டு எங்களிடம் எறிந்தாள். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க "இருட்டுது, இன்னும் எறியட்டோ?" என்று அதட்டலாகக் கேட்டேன். எறியச் சொன்னான். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை எறிந்தேன். தோள்மூட்டு இன்னும் நோகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். நானும்தான் எத்தனையைப் பிடித்து வைத்திருக்கிறேன்? கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று இவர் சொன்ன ஒரு சொல்லை ஒரு கிழமை பொத்திப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் நான். மேலால் தட்டிவிட்டிருந்தால் அதுபாட்டில் போய் எங்கேயாவது விழுந்திருக்கும். பின்னால் என்ன கிடக்கிறதோ என்ற பயத்தில் பிடிக்கிறோம். சில பேருக்குப் பின்னால் உண்மையாகவே கிடந்தது, அதுதான் வித்தியாசம்.

போன சனிக்கிழமை மட்ச். போன், சீனிப் போத்தல், குசினி... எல்லாம் பழையபடி. மாக்கை மட்டும் இல்லை, சமைக்க மனம் வரவில்லை. முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. தூரத்திலிருந்து ஒருவன் அடித்தான். பந்து உயர்ந்து, மேல் கம்பத்துக்குச் சற்றுக் கீழே, அதே இடத்துக்கு வந்தது.

தட்டினான்.

கம்பத்துக்கு மேலால் போனது. அவன் படுக்கவில்லை. முழங்காலும் மடியவில்லை. உடனே திரும்பி, கையை வீசி வீசி எல்லாரையும் கூப்பிட்டு கோர்னருக்கு நிற்கவேண்டிய இடங்களில் நிறுத்தினான். கோர்னரில் வந்த பந்தை எட்டிப் பிடித்தான். அது பிடிக்கவேண்டிய பந்துதான் என்று என் கணவர் சொன்னார். மட்ச் சமநிலையில் முடிந்தது.

பின்னேரம் அவனே போன் எடுத்தான். அடுத்த சீசனுக்கும் நில் என்று கோச் சொல்லிவிட்டாராம். குரலில் அப்படியொரு களைப்பும் சந்தோசமும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டியிருந்தது.

"தம்பி, போல் விழுந்த சத்தம் கேட்டதோ?"



"அட... காது குடுக்க மறந்துபோனன் அக்கா."