நபர் ஒன்றும் அவர் கழுவிய தட்டும்

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எந்த மாடிக் கதவு மக்கர் செய்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் அந்த லிஃப்ட் மெக்கானிக். சொந்த வீட்டில் சிங்க் எந்தச் சுவரோரம் இருக்கிறது என்று மட்டும் ஐம்பது வயது வரை அவருக்குத் தெரியாது. சாப்பிட்ட தட்டு, எழுந்த இடத்திலேயே கிடக்கும். அதற்குக் கால் முளைத்து, சிங்குக்குப் போய்க் குளித்துவிட்டு அலமாரியில் ஏறிக்கொள்ளும் என்பது இருபத்திரண்டு வருட இல்லறத்தில் அவர் கண்ட உண்மை.

அவர் மனைவி, பேச்சு வராத பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் உதவியாளர். உதவியாளர் என்றால், பிள்ளை கடித்தால் கடி வாங்குபவர் என்று பொருள். ஆசிரியை ஆவதற்குச் சான்றிதழ் வேண்டும். அதற்காக ஆறு மாதமாக நடத்தைப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தாள். கடைசியாக ஒரு செய்முறை: வீட்டில் ஒரு உயிரைப் பிடித்து, அதன் ஒரு பழக்கத்தை மாற்றி, தினமும் எண்ணி வரைபடம் போட வேண்டும். கூடப் படித்தவர்கள் நாயையும் பூனையையும் பிடித்தார்கள். இவள் வீட்டில் அதெல்லாம் கிடையாது. இருந்ததைப் பிடித்தாள். சம்மதக் கையெழுத்துகூட வாங்கினாள். கரன்ட் ஆபீஸ் படிவம் என்று நினைத்துப் போட்டுக்கொடுத்தார்.

முதல் வாரம், தட்டு எத்தனை முறை சிங்குக்குப் போகிறது என்று சும்மா எண்ணினாள். ஏழு நாள், ஏழு பூஜ்யம். எட்டாம் நாள் அவர் போன் பேசிக்கொண்டே, நினைவில்லாமல் தட்டோடு எழுந்து சிங்க் வரை போய்விட்டார்.

"அருமைங்க! எவ்வளவு உதவியா இருக்கு!"

காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதைதான். மறுநாள் தட்டு தானாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் கழுவியும் வைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அருமைங்க'. பெற்ற தாயே திருத்த முடியாமல் கைவிட்ட மனிதர், ஒற்றைச் சொல்லில் கனிந்துவிட்டார். தலைகால் புரியவில்லை அவருக்கு. "அம்பது வயசுக்கு மேலதாம்ப்பா பொண்டாட்டிக்கு நம்ம மதிப்பு தெரியுது" என்று மோட்டார் அறையில் சக மெக்கானிக்கிடம் மார்தட்டிக்கொண்டார்.

நான்காம் வாரம் பாராட்டு நின்றது. புத்தகத்தின் கட்டளை அது. பாராட்டை நிறுத்தினால் பழக்கமும் விழ வேண்டும். விழுந்தால்தான் அது பாராட்டால் வந்தது என்று நிரூபணம். அவருக்கு அது தெரியுமா என்ன? பயந்துபோனார். என்ன குற்றம் செய்தோம்? தன் தட்டோடு அவள் தட்டையும் கழுவினார். அப்புறம் குக்கர். அப்புறம் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கம்பிகளைத் துடைத்துவிட்டு, ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வரைபடக் கோடு கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்று புத்தகம் எச்சரித்திருந்தது. இந்த மனிதர் இறங்குகிற வழியாக இல்லை.

"கோடு இறங்கலைன்னா சான்றிதழ் கிடையாது. இன்னும் ஒரு வாரம்தான்" என்றார் வகுப்பு நடத்தும் அம்மாள்.

அன்று மாலை அவள் சரணடைந்தாள். "என்னங்க, நாளையிலேருந்து தட்டை அப்படியே போட்டுட்டு எந்திரிங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

குட்டு வெளிப்பட்டது. அவள் தினமும் எண்ணி எழுதிய நோட்டை வாங்கிப் படித்தார். 'நபர் 1. ஆண். வயது 50. பாராட்டுக்கு மிக வேகமாக மசிகிறார்.'

"அப்போ அந்த 'அருமைங்க' எல்லாம்?"

"மூணு செகண்டுக்குள்ள சொல்லணும்னு புத்தகத்துல இருக்கு."

அவமானத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது. "ஒரு வாரமா நீ ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சாப்பாடே இறங்கல."

"தெரியும்." அவள் நோட்டை வாங்கி மூடினாள். "பாராட்டு இல்லைன்னா செய்யற வேலை நின்னுபோகும்னு ஆறு மாசமா படிச்சேன். எனக்கு ஒண்ணுதான் புரியல. இருபத்திரண்டு வருஷமா என் கோடு ஏங்க இறங்கல?"

அவள் கேட்டபடி மறுநாளிலிருந்து தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கை பரபரத்தது. முன்பெல்லாம் காதில் விழாத குழாய்ச் சத்தம் ஏழு நாளும் விழுந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை பாத்திரம் என்று அவரும் எண்ணினார். டம்ளர், கரண்டி எல்லாம் சேர்த்து நாற்பதுக்குக் குறையவில்லை.

"இவ்வளவு சுத்தமா ஒரு கோடு விழுந்து நான் பார்த்ததே இல்ல" என்று தேர்வாளர் வியந்தாராம். சான்றிதழ் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்தாள்.

சொல்ல வேண்டிய சொல் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். பதினான்கு நாள் கேட்டு ருசித்த சொல்தான். வாய்வரை வந்தது. நாக்குப் புரளவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது.

"இதை... லேமினேட் பண்ணிடலாமா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். நோட்டை எடுத்துப் புதிய பக்கத்தைத் திருப்பி, 'பாராட்டு' என்று தலைப்பிட்டு, முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் அரை என்று எழுதினாள்.