பொன்னம்மாள் வேலைக்கு வரவில்லை

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் காறித் துப்புகிற ஆள் காசிலிங்கம். இதை என்னிடம் சொன்னவர் அவரேதான். அதனால்தான் நம்புகிறேன்.

2005, மே 18, புதன்கிழமை. மரக்காணம் உப்பளத்து ஆபீஸ். கணக்குப்பிள்ளை காசிலிங்கம் பகல் 1.40க்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஆரோவில்லில் யாரோ வெள்ளைக்காரர் கழித்துக்கட்டிய பழைய பெட்டி. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மௌஸ் கிடையாது. கடிதம் அடிக்க மட்டும்தான் ஆகும். அதில் அடிக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே தாம் ஒருவர்தான் என்று அவருக்குத் தலைக்கனம். உப்பு வாருகிறவர்களை ‘அதுங்க’ என்றுதான் சொல்வார்.

நாலு நாளைக்கு முன்பு, உப்பு வாரிக்கொண்டிருந்த பொன்னம்மாள் வெயிலில் மயங்கிப் பாத்தியில் விழுந்து செத்துப்போயிருந்தாள். புருஷன் பக்கிரி தொழிலாளர் அதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டான். முதலாளி தரப்பில் அதிகாரிக்கு இங்கிலீஷில் பதில் எழுத வேண்டும்.

பக்கிரி வாசலில் நின்றான்.

“வேலையிலதான் செத்துப்போச்சுன்னு எழுதுங்க ஐயா. வேற ஒண்ணும் கேக்கல.”

“எழுத எனக்குத் தெரியும். நீ போ.”

அவன் போனான். காசிலிங்கம் கதவைச் சாத்திவிட்டு அடித்தார். பொன்னம்மாள் அன்று வேலைக்கு வரவில்லை.

திரையைப் பார்த்தார். ‘நாட்’ என்ற சொல்லைக் காணோம். வேலைக்கு வந்தாள் என்று நின்றது.

“சனியன். உப்புக்காத்துல கெட்டுப்போச்சு.”

மறுபடி அடித்தார். மறுபடி காணோம்.

1.52. இன்னொரு முறை அடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

டக்... ‘நாட்’டின் கடைசி எழுத்து ‘டி’ போனது.

டக்... ‘ஓ’ போனது.

டக்...

கீபோர்டில் அழிக்கும் கட்டை தானாக அமுங்கி எழுந்தது.

அதைத் தொட்டார். ஈரம். விரலை நாக்கில் வைத்தார்.

உப்புக் கரித்தது. பாத்தித் தண்ணீர்.

“யாரு?”

கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நாலாம் முறை அடித்தார். இந்தத் தடவை ‘நாட்’ அழியவில்லை. பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வரவில்லை என்றே இருந்தது.

“செத்தும் திமிர் அடங்கல அதுக்கு.”

கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, தாமே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

ஒன்பதாம் நாள் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். கடிதம் மேசைமேல் கிடந்தது. அதே தாள். அதே கையெழுத்து.

“வேலைக்கு வந்தாங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. பக்கிரி சொன்னது சரியாப்போச்சு. ஆனா இந்தக் கடைசி வரி புரியலையே. ‘ரெண்டு தடவை கூப்பிட்டேன்’னு போட்டிருக்கு. யாரு, யாரைக் கூப்பிட்டது?”

காசிலிங்கம் தாளை வாங்கிப் பார்த்தார்.

அந்த வரியை அவர் அடிக்கவில்லை. ஆனால் அது யார் குரல் என்று அவருக்குத் தெரியும். பொன்னம்மாள் விழுந்த அன்று, அவர் வரப்பில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் “ஐயா” என்று கேட்டது. மறுபடியும் “ஐயா.” நடிக்குதுங்க என்று நினைத்து, திரும்பாமலே சாப்பிடப் போய்விட்டார்.

அவள் கூப்பிட்டதைக் கேட்க அப்போது பக்கத்தில் வேறு யாருமே இல்லை.